ரா வீடியோ: கேமராவை எடுக்கும் முன் எடிட் மேசையைப் பாருங்கள்

மயிலாடுதுறையில் முகூர்த்தம் எடுப்பவர் ஒருவர், கும்பகோணத்தில் எடிட் செய்பவர் இன்னொருவர், நடுவே பையில் பயணம் போவது ஒரு ஹார்ட் டிஸ்க். டெல்டாவில் கல்யாண வீடியோ வேலை பல இடங்களில் இப்படித்தான் ஓடுகிறது. சென்சார் பிடித்ததைக் கேமரா முழுதாகச் சமைக்காமல் பதிவு செய்யும் ரா ஃபுட்டேஜ் அந்த டிஸ்க்கில் ஏறிய நாள் முதல், “அண்ணே, ஃபைல் ஓப்பனே ஆகலை” என்ற போன் எப்போது வேண்டுமானாலும் வரலாம். அந்த நேரத்தில் மாப்பிள்ளை வீட்டில் பந்தலே பிரித்திருப்பார்கள்.

“இந்த சாஃப்ட்வேர் ரா சப்போர்ட் பண்ணுமா?” என்று கேட்டால் ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஃபைல் திறக்கிறதா? திறந்தபின் ஒயிட் பேலன்ஸ், ஐஎஸ்ஓ போன்ற ரா கட்டுப்பாடுகள் கைக்கு வருகின்றனவா? உங்கள் கணினியில் அது தடங்காமல் ஓடுகிறதா? முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்பவர்கள்தான் பிறகு மாட்டுகிறார்கள். இரண்டாவது இல்லாவிட்டால் ரா எடுத்ததே வீண். மூன்றாவது இல்லாவிட்டால் எடிட்டர் உங்கள் நம்பரை எடுக்கமாட்டார்.

ரா எது, ரா அல்லாதது எது

சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றில் ஒன்றை மட்டுமே அளக்கிறது. அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து மீதி இரண்டையும் கணித்து முழு வண்ணப் படமாக்கும் வேலைக்கு டீபேயர் என்று பெயர். சாதாரண எம்பி4 எடுக்கும்போது டீபேயர், ஒயிட் பேலன்ஸ், நாய்ஸ் குறைப்பு, கூர்மை எல்லாவற்றையும் கேமராவே முடித்துவிடும். ராவில் அந்த வேலைகளில் பெரும்பகுதி எடிட்டிங் மென்பொருளின் தலையில் விழுகிறது. ஒயிட் பேலன்ஸ் ஃபைலோடு ஒட்டிய ஒரு குறிப்பாக மட்டுமே இருக்கும். எடிட்டில் மாற்றினாலும் படத்துக்குச் சேதம் இல்லை.

எஸ்-லாக்3, டி-லாக் இவையெல்லாம் ரா அல்ல. லாக் என்பது டீபேயர் முடிந்த படத்தை வெளிறிய வளைவில் சேமிப்பது. “நான் ராவில்தான் எடுத்தேன்” என்று வரும் டிஸ்க்கில் பாதி லாக்தான் இருக்கும். ஃபைலின் வால் பெயரைப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். பி-ரா, ஆர்3டி (ரெட் கேமராக்களுடையது), சிஆர்எம், என்இவி என்றிருந்தால் ரா. எம்ஓவி என்றிருந்தால் சந்தேகம்தான்: ப்ரோரெஸ் ராவும் எம்ஓவி, சாதாரண ப்ரோரெஸ்ஸும் எம்ஓவி. மீடியா இன்ஃபோ போன்ற இலவசக் கருவியில் திறந்து கோடெக் (வீடியோவைச் சுருக்கிச் சேமித்த முறை) பெயரைப் பாருங்கள்.

எந்த ஃபைலுக்கு எந்த மென்பொருள்

பிளாக்மேஜிக் பாக்கெட் கேமராக்களின் பி-ரா 2018-ல் வந்தது. டாவின்சி ரிசால்வில், இலவசப் பதிப்பு உட்பட, எதையும் நிறுவாமல் திறக்கும். பிரீமியர் ப்ரோவுக்கு பிளாக்மேஜிக் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிளாக்மேஜிக் ரா தொகுப்பை நிறுவ வேண்டும். ஃபைனல் கட் ப்ரோ தானாகத் திறக்காது. காசு கொடுத்து வாங்கும் செருகுநிரல் தேவை.

ப்ரோரெஸ் ரா ஆப்பிளுடையது, அதுவும் 2018-ல் வந்ததுதான். சோனி ஏ7எஸ்3, எஃப்எக்ஸ்3 போன்றவற்றின் எச்டிஎம்ஐயில் நிஞ்சா என்ற ரெக்கார்டர் மானிட்டரை மாட்டினால் இது பதிவாகும். ஐபோன் 17 ப்ரோவிலும் உண்டு. ஃபைனல் கட்டுக்கு இது தாய்மொழி. பிரீமியரிலும் 2020 முதல் திறக்கிறது. ரிசால்வ் நீண்ட காலம் இதை ஏற்கவே இல்லை. 2025-ல் வந்த 20.2 பதிப்பில்தான் கதவு திறந்தது. ஆகவே “ரிசால்வில் ப்ரோரெஸ் ரா வராது” என்பவரும் “வரும்” என்பவரும் இரண்டு பேருமே அவரவர் பதிப்பு வரையில் சரி. எடிட்டரிடம் மென்பொருளின் பெயரை மட்டும் கேட்காமல் பதிப்பு எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

கேனான் ஆர்5, சி200 தரும் சிஆர்எம் ஃபைல் பிரீமியரிலும் ரிசால்விலும் நேரடியாக வரும். நிக்கான் இசட்8, இசட்9 தரும் என்இவி ஃபைலோடு அதே பெயரில் ஒரு சிறிய எம்பி4-ம் சேர்ந்து பதிவாகும். ‘டூப்ளிகேட்’ என்று நினைத்து அதை அழித்துவிடாதீர்கள். எடிட்டுக்கான ப்ராக்ஸி, அதாவது எளிதாக ஓடும் சிறிய மாற்றுப் பிரதி அது. என்இவிக்கு ரிசால்வே பாதுகாப்பான வழி. பிரீமியரின் பழைய பதிப்புகள் அதைத் தொடாது.

சிக்மா எஃப்பியின் சினிமா டிஎன்ஜி தனி ரகம். ஒரு கிளிப் என்பது ஒரு ஃபோல்டர். ஒவ்வொரு ஃப்ரேமும் ஒரு படம். விநாடிக்கு 25 என்றால் ஒரு மணி நேரத்துக்கு 90,000 ஃபைல்கள். ஒரே அளவுள்ள டேட்டாவாக இருந்தாலும் இதை காப்பி எடுக்க மற்றவற்றைவிட அதிக நேரம் பிடிக்கும். ரிசால்வின் மீடியா பக்கத்தில் ஒரு கிளிப்புக்குப் பதில் ஆயிரக்கணக்கான படங்கள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஃப்ரேம் டிஸ்ப்ளே மோடை சீக்வென்ஸுக்கு மாற்றினால் போதும்.

ஏன் கம்பெனிக்கு ஒரு ஃபார்மட்? கேமராவுக்குள்ளேயே ராவைச் சுருக்கிப் பதிவு செய்யும் முறைக்கு ரெட் என்ற கேமரா நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது. ஆப்பிள் 2019-ல் அதை எதிர்த்துப் பார்த்தும் அசையவில்லை. பி-ரா டீபேயரின் ஒரு பகுதியைக் கேமராவிலேயே முடித்துவிடுவதும், ப்ரோரெஸ் ரா பெரும்பாலும் வெளி ரெக்கார்டரில் பதிவானதும் இந்தப் பின்னணியில்தான். 2024-ல் ரெட் நிறுவனத்தையே நிக்கான் வாங்கிவிட்டது.

டிஸ்க் கணக்கு

பாக்கெட் 4கே, 3840×2160 அளவு, 12 பிட், விநாடிக்கு 25 ஃப்ரேம். ஒரு ஃப்ரேமில் சுமார் 83 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 12 பிட் என்றால் ஃப்ரேமுக்கு ஏறத்தாழ 12.4 எம்பி. அதை 25 ஆல் பெருக்கினால் விநாடிக்கு 311 எம்பி. இது சுருக்காத அளவு. சுருக்க விகிதம் 3:1 வைத்தால் 104, 5:1-ல் 62, 8:1-ல் 39, 12:1-ல் 26 எம்பி. மணி நேரக் கணக்கில் 8:1 சுமார் 140 ஜிபி, 12:1 சுமார் 93 ஜிபி.

நலங்கு, வரவேற்பு, முகூர்த்தம் எல்லாம் சேர்த்து ஒரு கேமரா 6 மணி நேரம் பதிவு செய்தால் 8:1-ல் 840 ஜிபி. இரண்டு பிரதி வைக்க 1.7 டிபி. இரண்டாவது கேமராவும் ராவில் என்றால் இதைப் போல் இரண்டு மடங்கு. கேனான் ஆர்5-ன் 8கே ரா விநாடிக்கு 2,600 மெகாபிட் வரை போகும்; 1 டிபி கார்டு ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

முழுக் கல்யாணத்தையும் ராவில் எடுப்பது காசைக் கரைப்பதுதான். பந்தி, வரவேற்பு வரிசை, மொய் எழுதும் மேசை இவற்றுக்கு 10 பிட் லாக் தாராளமாகப் போதும். வெளிச்சம் உங்கள் கையை மீறும் இடங்களுக்கு ராவை ஒதுக்குங்கள். ஹோமத் தீயும் சாஸ்திரிகளின் வெள்ளை வேட்டியும் ஒரே ஃப்ரேமில் வருவது. மண்டபத்து ட்யூப் லைட், மேடை எல்இடி, வாசல் வழி வரும் வெயில் மூன்றும் ஒரே முகத்தில் விழுவது. அரக்குச் சிவப்புப் பட்டும் தங்கமும் நெருக்கமாக வரும் ஷாட். நடுப்பகலில் குறுவை வயல் வரப்பில் எடுக்கும் அவுட்டோர். முகூர்த்தத்துக்கு 5:1 அல்லது 8:1, அவுட்டோருக்கு 8:1. 3:1 கிரீன்மேட் வேலைக்கு இருக்கட்டும்.

பத்து விநாடிச் சோதனை

தேதி ஒப்புக்கொண்டதும், அட்வான்ஸை எண்ணி வைப்பதற்கு முன்பே, இதைச் செய்யுங்கள். எடுக்கப்போகும் அதே கேமரா, அதே கார்டு, அதே சுருக்க விகிதம், அதே ஃப்ரேம் ரேட்டில் பத்து விநாடி பதிவு செய்யுங்கள். 8:1-ல் அது 400 எம்பிதான். டிரைவில் ஏற்றி எடிட்டருக்கு அனுப்பலாம். அவரிடம் கேட்டு வாங்க வேண்டிய பதில்கள் நான்கு: கிளிப் திறந்ததா, ஆடியோ வந்ததா, கலர் டெம்பரேச்சரை 3200-க்கும் 5600-க்கும் நகர்த்தினால் படம் மாறுகிறதா, மூன்று அடுக்கு வைத்து ஓட்டினால் ஃப்ரேம் விடாமல் ஓடுகிறதா. மூன்றாவது கேள்விக்கு “அப்படி ஒண்ணும் காணோமே” என்று பதில் வந்தால், அவரது மென்பொருள் ராவைத் திறக்கிறதே தவிர ராவாக நடத்தவில்லை.

பி-ராவுக்கு, முன்னே சொன்ன பிளாக்மேஜிக் ரா தொகுப்போடு ஸ்பீட் டெஸ்ட் என்ற கருவியும் வரும். உங்கள் கணினி எந்த அளவை எத்தனை ஃப்ரேம் வேகத்தில் பிரிக்கும் என்று அட்டவணை காட்டும். கிராபிக்ஸ் கார்டில் 4 ஜிபி மெமரி மட்டும் இருந்தால் 4கே ராவில் இரண்டு எஃபெக்ட் போட்டதுமே ‘ஜிபியு மெமரி ஃபுல்’ என்று நிற்கும்; 8 ஜிபி இருந்தால் நிம்மதி.

எடுக்கும்போது

ஃப்ரேம் ரேட் 25, ஷட்டர் 180 டிகிரி, அதாவது 1/50. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ட்யூப் லைட் மினுக்கம் இதில் அடங்கும். மலிவான சீரியல் லைட்டுகள் சில அப்படியும் பட்டை பட்டையாக ஓடும். அதை ராவாலும் சரிசெய்ய முடியாது. எடுக்கும்போதே ஷட்டரைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்துவிடுங்கள்.

ராவில் ஐஎஸ்ஓவை எவ்வளவும் மாற்றலாம் என்பது பாதி உண்மை. பாக்கெட் 4கேயில் 100 முதல் 1000 வரை ஒரு அடுக்கு, 1250 முதல் 25,600 வரை இன்னொரு அடுக்கு. எடிட்டில் அந்தந்த அடுக்குக்குள் நகரலாமே தவிர ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாண்ட முடியாது. மங்கலான மண்டபத்தில் 1000-ல் எடுத்த படத்தைவிட 1250-ல் எடுத்தது சுத்தமாக இருப்பதற்கும் இதுதான் காரணம்.

வெள்ளை வெடித்துவிட்டால் வெடித்ததுதான். மூன்று வண்ணங்களில் ஒன்றாவது மிச்சமிருந்தால்தான் ஹைலைட் ரெகவரி எதையாவது கட்டி எழுப்பும். வெளிச்சம் மீறிய இடத்தில் கோடு போட்டுக் காட்டும் ஸீப்ராவை 100-ல் வைத்து, வேட்டியில் கோடு ஓடாதபடி எக்ஸ்போஷரை இறக்குங்கள். சிவப்பு எல்இடி வெளிச்சத்தில் சிவப்புப் பட்டு இருந்தால் ஸீப்ராவை மட்டும் நம்பாதீர்கள். மொத்த வெளிச்சம் குறைவாகக் காட்டும்போதே சிவப்புச் சேனல் தனியாக முட்டிக்கொண்டு நிற்கும். ஜரிகையின் இழை மறைந்து ஒரே சிவப்புத் திட்டாகிவிடும்.

இன்னும் இரண்டு சிறிய அமைப்புகள். கார்டு ஃப்ரேமை விட்டால் என்ன செய்ய வேண்டும் என்று கேமராவில் ஒரு தேர்வு உண்டு: எச்சரிக்கை அல்லது ரெக்கார்டிங் நிறுத்தம். முகூர்த்தத்தில் எச்சரிக்கையில் வையுங்கள். இரண்டு ஃப்ரேம் விட்டுப்போன தாலி கட்டு பரவாயில்லை, கெட்டிமேளம் கொட்டும்போது நின்றுபோன கேமராவுக்குப் பதில் சொல்ல முடியாது. அடுத்தது ஸ்லேட்டில் கேமரா எழுத்து. இரண்டு பாக்கெட் கேமராக்களும் ‘ஏ’ என்றே இருந்தால் இரண்டிலும் ஒரே மாதிரிப் பெயர்கள் விழும். பிறகு ரீலிங்க் (டைம்லைனோடு ஃபைலை மறுபடி இணைப்பது) செய்யும்போது மணமகள் ஷாட் இருக்க வேண்டிய இடத்தில் நாதஸ்வரக்காரர் வந்து உட்காருவார்.

காப்பி எடுக்கும்போது

வெறுமனே காப்பி-பேஸ்ட் செய்யாதீர்கள். ரிசால்வின் மீடியா பக்கத்தில் குளோன் டூல் இருக்கிறது. கார்டை மூலமாகவும் இரண்டு டிஸ்க்குகளை இலக்காகவும் வைத்தால், பிரதி எடுத்து மூலத்தோடு ஒப்பிட்டும் பார்த்துவிடும். இரண்டு டிஸ்க்கிலும் சரிபார்ப்பு முடியும்வரை கார்டை ஃபார்மட் செய்யக்கூடாது. அந்த ஃபார்மட்டையும் கேமராவில்தான் செய்ய வேண்டும். விண்டோஸ், மேக் இரண்டுக்கும் போகும் டிஸ்க் என்றால் அதை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். ஆனால் எக்ஸ்ஃபேட் பாதி எழுதும்போது மின்சாரம் போனால் மொத்த அட்டவணையும் குழம்பும் அபாயம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் யுபிஎஸ் இல்லாத கணினியில் காப்பி போடுவதைவிட பேட்டரி உள்ள லேப்டாப்பில் போடுவது மேல்.

ரிசால்வில் வரிசையாக

புதிய ப்ராஜெக்ட் தொடங்கியதும், கிளிப் எதையும் இழுக்கும் முன், ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் டைம்லைன் அளவு 3840×2160, ஃப்ரேம் ரேட் 25 என்று வையுங்கள். கிளிப் உள்ளே வந்துவிட்டால் அந்த ஃப்ரேம் ரேட் பூட்டிக்கொள்ளும். 24-ல் பூட்டிக்கொண்ட டைம்லைனில் 25-ல் எடுத்ததைப் போட்டால் தவில் அடியும் கையும் விட்டுவிட்டு ஓடும். இலவசப் பதிப்பில் 3840×2160-க்கு மேல் வெளியே எடுக்க முடியாது. கேமராவோடு வந்த ஸ்டுடியோ (ரிசால்வின் கட்டணப் பதிப்பு) உரிமம் எடிட்டரிடம் இல்லையென்றால் 4096 அகலத்தில் எடுப்பதில் பலன் குறைவு.

அடுத்து கேமரா ரா பகுதி. ரா ப்ரொஃபைலில் பிளாக்மேஜிக் ராவைத் தேர்ந்து, டீகோட் குவாலிட்டியை ஹாஃப் அல்லது குவார்ட்டருக்கு இறக்குங்கள். படம் கொஞ்சம் மென்மையாகத் தெரியும். வேகம் எங்கோ போய்விடும். எடிட் முடியும்வரை இது போதும். அப்படியும் தடங்கினால் கிளிப்புகளைத் தேர்ந்து ப்ராக்ஸி உருவாக்குங்கள். 1080 அளவு டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி என்ற இலகுவான கோடெக் பழைய கணினியிலும் ஓடும்.

கலர் பக்கத்துக்கு வந்ததும் ப்ளேபேக் மெனுவில் ப்ராக்ஸியை அணைத்துவிடுங்கள். மறந்தால் வண்ணத்தை ப்ராக்ஸியில் பார்த்துத் திருத்திக்கொண்டிருப்பீர்கள். கேமரா ரா பேனலில் ‘டீகோட் யூஸிங்’ கேமரா மெட்டாடேட்டாவில் இருந்தால் ஸ்லைடர்கள் மங்கலாக இருக்கும். “ரா கன்ட்ரோல் வேலை செய்யலை” என்ற புகாருக்கு முக்கால்வாசி காரணம் இது. கிளிப் என்று மாற்றினால் டெம்பரேச்சர், டின்ட், ஐஎஸ்ஓ, எக்ஸ்போஷர் எல்லாம் உயிர்பெறும்.

முதலில் ஒயிட் பேலன்ஸ். மணமகளின் முகத்தை வைத்துச் சரிசெய்யாதீர்கள். மஞ்சள் பூசிய முகம் கணக்கைக் குழப்பும். வேட்டியின் நிழல் விழுந்த மடிப்பைப் பாருங்கள். கலப்பு வெளிச்சத்தில் முகம் சரியானால் பின்னால் வாசல் நீலமாகும். அது ராவின் குறை அல்ல, அங்கே இரண்டு வெளிச்சம் இருக்கிறது. முகத்துக்கு வைத்துவிட்டு வாசலுக்கு மட்டும் தனி விண்டோ (படத்தின் ஒரு பகுதியை மட்டும் திருத்தும் வளையம்) போட்டு நீலத்தைக் குறையுங்கள்.

வண்ணம் அளவுக்கு மீறிக் கருத்து, தங்கம் ஆரஞ்சாகிவிட்டால் மாற்றம் இரண்டு முறை நடக்கிறது என்று அர்த்தம். ப்ராஜெக்டில் கலர் மேனேஜ்மெண்ட் ஏற்கெனவே லாக்கைச் சாதாரணப் படமாக்கியிருக்கும். அதன்மேல் யாரோ லட் (வண்ணத்தை மாற்றும் ஆயத்த அட்டவணை) போட்டிருப்பார்கள். அல்லது கேமராவில் ஏற்றிய லட் ஃபைலோடு ஒட்டி வந்து, கேமரா ரா பேனலில் ‘அப்ளை லட்’ டிக் ஆகியிருக்கும். ஏதாவது ஒன்றை எடுத்துவிடுங்கள்.

ரா புள்ளி புள்ளியாகத் தெரிவதும் இயல்பு. கேமரா செய்யும் நாய்ஸ் குறைப்பு இதில் பெரும்பாலும் நடப்பதில்லை. ரிசால்வின் நாய்ஸ் ரிடக்‌ஷன் ஸ்டுடியோ பதிப்பில் மட்டுமே உண்டு என்பதை விலை பேசும்போதே நினைவில் வையுங்கள்.

டெலிவரில் அட்வான்ஸ்டு பகுதியைத் திறந்து ‘ஃபோர்ஸ் டீபேயர் டு ஹையஸ்ட் குவாலிட்டி’யை டிக் செய்யுங்கள், ப்ராக்ஸி மீடியா டிக்கை எடுத்துவிடுங்கள். இந்த இரண்டையும் மறந்து கால்வாசித் தரத்தில் ரெண்டர் ஆன கல்யாணங்கள் பென் டிரைவில் ஏறிப் போயிருக்கின்றன.

பிரீமியரிலும் பழைய எடியஸிலும்

பிரீமியரை மூடிவிட்டு பி-ரா தொகுப்பை நிறுவுங்கள். திறந்திருக்கும்போது நிறுவினால் மறுபடி திறக்கும்வரை எதுவும் தெரியாது. கிளிப்பைத் தேர்ந்தால் எஃபெக்ட் கன்ட்ரோல்ஸில் சோர்ஸ் பகுதியில் ரா ஸ்லைடர்கள் வரும். பிரீமியரைப் புதிய பதிப்புக்கு ஏற்றியபின் நேற்றுவரை திறந்த கிளிப் இன்று திறக்கவில்லை என்றால், தொகுப்பையும் புதிதாக நிறுவுங்கள். நடு ப்ராஜெக்டில் மென்பொருளை அப்டேட் செய்யவே வேண்டாம் என்பது வேறு விஷயம்.

எடியஸ் என்ற எடிட்டிங் மென்பொருளின் 7, 8 பதிப்புகள் இன்னும் பல எடிட் மேசைகளில் இருக்கின்றன. அவை வந்த காலத்தில் பி-ரா பிறக்கவே இல்லை. வழி இருக்கிறது: இலவச ரிசால்வில் கிளிப்புகளைத் திறந்து, ஒயிட் பேலன்ஸும் எக்ஸ்போஷரும் சரிசெய்து, 1080 அளவு 10 பிட் டிஎன்எக்ஸ்எச்டியாக ‘இண்டிவிஜுவல் கிளிப்ஸ்’ முறையில் எடுத்துக் கொடுங்கள். 25 ஃப்ரேமில் இது விநாடிக்கு 185 மெகாபிட், மணிக்கு 83 ஜிபி. இங்கேயும் முதலில் ஒரு கிளிப்பை மட்டும் மாற்றி அனுப்பி, அவர் மேசையில் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு மீதியை மாற்றுங்கள். 4கேயாகவே மாற்றிக் கொடுக்க ஆசைப்பட்டால் கணக்கைப் பாருங்கள்: ப்ரோரெஸ் 422 எச்க்யூ 4கேயில் மணிக்கு 332 ஜிபி, அதாவது 8:1 ராவைவிட இரண்டு மடங்குக்கும் மேல். மாற்றியபின் ஒயிட் பேலன்ஸும் படத்தோடு உறைந்துவிடும்; பெரிய ஃபைலைக் கொடுத்துச் சிறிய சுதந்திரத்தை வாங்கியதாகும்.

‘மீடியா ஆஃப்லைன்’ என்று சிவப்பாக வந்தால் கோடெக்கைக் குறை சொல்லும் முன் டிஸ்க்கின் எழுத்தைப் பாருங்கள். உங்கள் கணினியில் இ டிரைவாக இருந்தது எடிட்டரிடம் எஃப் ஆகியிருக்கும். ரீலிங்க் போட்டால் வந்துவிடும். பி-ராவுக்குப் பக்கத்தில் ‘சைட்கார்’ என்ற வாலோடு சின்ன ஃபைல் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்ப வேண்டும். ரிசால்வில் நீங்கள் மாற்றிச் சேமித்த ரா அமைப்புகள் அதில்தான் இருக்கின்றன. அது விட்டுப்போனால் கிளிப் கேமராவில் இருந்த பழைய கோலத்துக்கே திரும்பிவிடும்.

ஆல்பமும் வீடியோவும் கொடுத்து கணக்கு முடிந்தபின் 840 ஜிபியையும் வைத்திருக்கத் தேவையில்லை. ரிசால்வில் மீடியா மேனேஜ்மெண்டைத் திறந்து, டைம்லைனில் பயன்பட்ட பகுதிகளை மட்டும் முன்பின் 25 ஃப்ரேம் விட்டு வெட்டிக் காப்பி எடுக்கச் சொல்லுங்கள். பி-ரா மறுசுருக்கம் இல்லாமல் ராவாகவே வெட்டுப்படும். வெட்டிய பிரதியில் டைம்லைனை ஒருமுறை முழுதாக ஓட்டிப் பார்த்தபின் பெரிய டிஸ்க்கைக் காலி செய்து அடுத்த முகூர்த்தத்துக்குக் கொடுங்கள்.